பாடசாலைச் சித்திரமும் உள்ளூர்க் கலைஞரும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிலே பெரும்பாலானோர் ஓவியக்கலையை முறையாகச் சந்திக்கும் முதல் இடம் பாடசாலை வகுப்பறையாகும். பலருக்கு அதுவே இறுதி இடமுமாகிவிடுகின்றது. கலைக்கூடமோ நிரந்தரக் கண்காட்சிச் சாலையோ இல்லாத பட்டினங்கள் இந்நாட்டிற் பல. எனவே, சித்திர வகுப்பில் எவருடைய ஆக்கம் மாணவன் கண்முன் வைக்கப்படுகின்றது, எவருடைய ஆக்கம் வைக்கப்படாது விடப்படுகின்றது என்னும் வினா, ஒரு சமுதாயம் எதனைத் தன் கலையென ஏற்றுக்கொள்கின்றது என்னும் பெரிய வினாவோடு பிணைந்துள்ளது. உள்ளூர்க் கலைஞரின் ஆக்கங்கள் இந்நாட்டுப் பாடசாலைகளுக்குள் எவ்வெவ் வழிகளிற் புகுந்தன, அவ்வழிகளால் விளைந்த நன்மைகள் யாவை, தமிழ்ப் பிரதேசங்களில் அம்முயற்சி எந்நிலையை எய்தியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரதி செய்தற் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான சித்திரக் கல்வி முறை 'தென் கென்சிங்ரன் முறை' என வழங்கப்பட்டது. கைத்தொழில் உற்பத்திக்கு வேண்டிய வரைஞரை ஆக்குவதே அதன் தலையாய நோக்கம். ஹென்றி கோல் என்பாரின் நிருவாகத்தின் கீழ் றிச்சட் றெட்கிறேவ் வகுத்த பாடநெறி 23 படிகளைக் கொண்டது. நேர்கோடு, வளைகோடு, கேத்திரகணித உரு, அச்சடித்த மாதிரி, சாந்தினாலாய வார்ப்பு என ஒன்றன்பின் ஒன்றாக மாணவன் பிரதி செய்து முன்னேறவேண்டும். கற்பனைக்கு அங்கு இடமில்லை. இருந்தாலும் அது கடைசிப் படிகளுக்கே உரியது.

பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கு இம்முறை எளிதிற் பரவியது. அதற்குக் காரணமும் உண்டு. மாதிரித் தாள்களைக் கப்பலேற்றி அனுப்புதல் கூடும். எந்நாட்டு மாணவனும் ஒரே தாளைப் பார்த்து வரையலாம். பரீட்சகர் அளவுகோல் கொண்டு புள்ளியிடலாம். இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்ட சித்திரமும் இவ்வகைப்பட்டதாகவே அமைந்தது. கிரேக்கத் தூணின் இலைவேலைப்பாட்டை வரையப் பழகிய மாணவனுக்குத் தன் ஊர்க் கோயில் வாகனத்தைச் செதுக்கிய ஆசாரியும் கலைஞனே என்று சொல்வார் வகுப்பறையில் இருக்கவில்லை.

குமாரசுவாமியின் கண்டனம்

இந்நிலைக்கு எதிராக எழுந்த வன்மையான குரல் ஆனந்த குமாரசுவாமியுடையது. 1903 முதல் 1906 வரை கனிப்பொருளளவைப் பணிப்பாளராகக் கடமையாற்றிய அவர், அத்தொழிலின் நிமித்தம் நாட்டின் உட்பகுதிகளிற் பயணஞ்செய்தபோது கண்டிப் பிரதேசக் கைவினைஞரின் வாழ்வையும் தொழிலையும் நேரிற் கண்டார். 1908 இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது பெருநூல் அக்காட்சியின் பயனாகும். ஓவியர், பொற்கொல்லர், தந்தவேலை செய்வோர், நெசவாளர், குயவர் ஆகியோரின் கருவிகள், செய்முறைகள், நிலமானியத் தொடர்புகள் யாவும் அதில் விரிவாகப் பதிவாயின. அரச ஆதரவு ஒழிந்தமையும், வாணிபப் பொருள்களின் படையெடுப்பும், மேனாட்டுக் கல்வியும் அக்கலைகள் நலிந்தமைக்குக் காரணங்கள் என்பது அவரது முடிபு.

இந்நூலின் விளைவு பாடசாலைச் சித்திரத்தைப் பொறுத்தவரையில் இருதிறப்பட்டது. 'நமது கலை' என்று சுட்டிக்காட்டக்கூடிய உருவங்களின் களஞ்சியம் ஒன்று முதன்முறையாக ஆசிரியர் கைக்கெட்டியது. தாமரை, அன்னம், கொடிக்கருக்கு, சிங்கம் முதலிய அலங்கார உருக்கள் நூலிலே ஒழுங்குபடுத்தித் தரப்பட்டிருந்தன. இது ஒரு விளைவு. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த குமாரசுவாமி கண்டியக் கைவினைகளுக்குச் செய்த இப்பணியை ஒத்த பணி, வட கிழக்குத் தமிழரின் கைவினைகளுக்கு அக்காலத்தில் எவராலும் செய்யப்படவில்லை. தேர்ச் சிற்பம், வாகனம், திரைச்சீலை ஓவியம், கூத்துமுடி, பனையோலை வேலை என்பன பதிவு செய்யப்படாமலே நின்றன. இது மற்றைய விளைவு. பிற்காலத்தில் 'உள்ளூர்க் கலை' பாடத்திட்டத்திற்கு வேண்டப்பட்டபோது, ஆயத்தமாக இருந்த மூலத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. பதிவுபெற்ற கலை பாடமாயிற்று. பதிவுபெறாதது வீட்டு முற்றத்திலும் கோயில் வீதியிலும் நின்றுவிட்டது.

வின்சரும் பீலிங்கும்

வகுப்பறைக்குள் மாற்றத்தைக் கொணர்ந்தவர் ஒரு வெளிநாட்டவர். 1920 இல் வித்தியாபகுதியின் சித்திர வித்தியாதரிசியாக இலங்கைக்கு வந்த சி. எவ். வின்சர் தாமே ஓவியர்; ஐரோப்பாவின் புதிய ஓவியப் போக்குகளை நன்கறிந்தவர். அக்காலத்தில் ஐரோப்பியச் சித்திரக் கல்வியே தன் பழைய கோட்பாடுகளைக் கைவிடத் தொடங்கியிருந்தது. வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் 1897 இல் தொடங்கிய சிறுவர் வகுப்பும், இங்கிலாந்தில் டட்லி நகரப் பெண் பாடசாலையில் மரியன் றிச்சட்சன் நடத்திய வகுப்பும், குழந்தையின் அகக்காட்சியே சித்திரத்தின் ஊற்று என்னும் கருத்தைப் பரப்பின. வின்சரும் மாதிரித் தாளைப் பார்த்து வரைவதினும், கண்டதையும் நினைவிற் கொண்டதையும் வரைவதை ஊக்குவித்தார்.

எனினும், வின்சரின் முக்கியத்துவம் அவர் கொணர்ந்த கற்பித்தல் முறையோடு முடிவதன்று. அவர் உத்தியோகத்தராயிருந்தும் உள்ளூர் இளம் ஓவியரைத் தேடிச் சென்று ஊக்குவித்தார். இலங்கைச் சித்திரக் கழகம் என்னும் அமைப்பை நிறுவினார். ஜோர்ஜ் கீற், ஜெப்ரி பீலிங் ஆகியோர் அவரது ஆதரவில் வளர்ந்தவர்கள். 1932 இல் பீலிங் அதே சித்திர வித்தியாதரிசிப் பதவியை ஏற்றார். பாடசாலைகளின் சித்திரக் கல்வியை நெறிப்படுத்தும் பொறுப்பு இவ்வாறு இந்நாட்டு நவீன ஓவியர் ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்தது. 1943 ஓகஸ்ற் மாதத்திற் கொழும்பில் லயனல் வென்ற் இல்லத்திற் கூடி '43 குழு'வை அமைத்தோருள் பீலிங்கும் ஒருவர். கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், றிச்சட் கேப்ரியல், ஒப்ரி கொலற், மஞ்சுசிறீ ஆகியோரும் அக்குழுவிற் சேர்ந்திருந்தனர். நாட்டின் புதிய ஓவிய இயக்கமும் பாடசாலைச் சித்திரமும் ஒரே மனிதரிற் சந்தித்த அரிய சந்தர்ப்பம் இது.

இச்சந்திப்பின் விலையும் கவனிக்கத்தக்கது. வித்தியாதரிசிப் பொறுப்பு மிகுந்த பின்னர் பீலிங் வரைந்த ஓவியங்கள் அருகின. ஆசிரியப்பணி கலைஞனுக்குச் சோறிடுகின்றது. அவனது நேரத்தையும் அதுவே உண்கின்றது. இதே அனுபவத்தை யாழ்ப்பாணத்துச் சித்திர ஆசிரியர் பலரிடத்தும் காணலாம்.

சுவரே பாடமாதல்

கலைஞனின் மூலப்படைப்பே பாடசாலைக்குள் நிலைபெற்றமைக்குச் சிறந்த உதாரணம் கண்டி திறினிற்றிக் கல்லூரியின் சிற்றாலயமாகும். அக்கல்லூரியின் பழைய மாணவரான டேவிட் பெயின்ரர் (1900 – 1975) 1920களின் இறுதியிலிருந்து 1930களின் முற்பகுதி வரையில் அங்கு நான்கு சுவரோவியங்களைத் தீட்டினார். கண்டியரசரின் மகுல் மடுவத்தைத் தழுவித் திறந்த தூண்களோடு எழுப்பப்பட்ட அக்கட்டடத்தில், விவிலியக் காட்சிகள் இந்நாட்டு நிலத்தில் நிகழ்வனவாகக் காட்டப்பட்டன. சிலுவையில் அறையப்படும் கிறிஸ்து தாடியற்ற இளைஞராகத் தோன்றுகின்றார். பின்னணியிற் கண்டற்காடு விரிகின்றது. மிஷனரிமார் கொணர்ந்த படங்களிற் கண்டு பழகிய உருவத்திற்கு இது முற்றிலும் மாறானது. 1968 இல் கல்கிசைச் சென் தோமஸ் கல்லூரிச் சிற்றாலயத்திலும் அவர் ஒரு சுவரோவியத்தைத் தீட்டினார்.

அச்சுப் படத்திற்கும் இவ்வகைச் சுவருக்குமிடையே பெரும் வேறுபாடுண்டு. அச்சுப் படத்தில் அளவும் நிறமும் மாறிவிடுகின்றன. தூரிகையின் தடமும் மறைந்துவிடுகின்றது. நாள்தோறும் ஓவியத்தின் முன் அமரும் மாணவனோ அதன் அளவைத் தன் உடலினாலேயே அறிகின்றான். தான் படிக்கும் அதே கல்லூரியிற் படித்த ஒருவர் இதனைச் செய்தார் என்பதையும் அறிகின்றான். கலைஞன் எங்கோ தூரதேசத்துப் பெயரல்லன் என்னும் உணர்வு அவனுக்கு எவரும் போதியாமலே வந்துவிடுகின்றது. ஆயினும், இத்தகைய வாய்ப்பு செல்வமும் செல்வாக்குமுள்ள சில கல்லூரிகளுக்கே கிட்டியது என்பதையும் மறத்தலாகாது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து கிராமப் பாடசாலைகள் பெருகியபோது, அவற்றின் சுவர்களை நாடி ஓவியர் எவரும் செல்லவில்லை. அங்கு சித்திர ஆசிரியரே மாணவர் காணும் ஒரேயொரு கலைஞராயிருந்தார்.

யாழ்ப்பாணத்து முயற்சிகள்

இவ்வுண்மையை நன்குணர்ந்து செயற்பட்டவராக எஸ். ஆர். கனகசபையைக் கொள்ளலாம். சித்திரக் கல்வி அதிகாரியாகப் பணியாற்றிய அவர், 1938 இல் யாழ்ப்பாணத்தில் 'வின்சர் சித்திரக் கழகம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். இலங்கையை விட்டு நீங்கிய ஓர் உத்தியோகத்தரின் பெயரை யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் தம் கழகத்திற்கு இட்டுக்கொண்டமை, வின்சரின் தாக்கம் தலைநகரோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்றாகும். கழகத்தைச் சார்ந்தோரிற் பலர் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். வகுப்பிலே கற்பிப்பவர் வகுப்பிற்கு வெளியேயும் வரையவேண்டும், வரைந்ததைப் பிறர் காண வைக்கவேண்டும் என்னும் நியதி இக்கழகத்தினால் உருவாயிற்று. ஆசிரியரைக் கலைஞராக வாழவைத்தலே கலைஞரை வகுப்பறைக்குட் கொணர்வதற்கு மிகக் குறைந்த செலவில் ஆகக்கூடிய வழி என்பதனை யாழ்ப்பாணம் அப்போதே கண்டுகொண்டது எனலாம்.

இம்மரபின் அடுத்த கட்டம் அ. மாற்குவோடு தொடங்குகின்றது. 1933 இற் பிறந்த அவர் கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, பின் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் சித்திர ஆசிரியரானார். 1959 இல் 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' அவரது முயற்சியால் உருவானது. பாடசாலை நேரசூசியிலே சித்திரத்திற்கு ஒதுக்கப்படும் ஓரிரு பாடவேளைகளில் ஓவியம் கற்பித்தல் இயலாது என்பதை உணர்ந்த ஆசிரியர் ஒருவர், விடுமுறையையே வகுப்பாக்கிக்கொண்ட முயற்சி அது. தைலவர்ணம், நீர்வர்ணம், பற்றிக், சிற்பம் எனப் பல ஊடகங்களிலும் சோதனை செய்தவர் மாற்கு. நவீன ஓவியம் விளங்காது என்று ஒதுக்கும் சூழலில் நின்று, சளையாது தம் வழியிற் சென்றவர். மாணவர் அவரிடம் நிழற்படுத்தும் நுட்பத்தை மாத்திரம் கற்கவில்லை. வரைவதில் முழு வாழ்வையும் செலவிடும் ஒரு மனிதரை அருகிருந்து கண்டனர். 1987 இல் 'தேடலும் படைப்புலகமும்' என்னும் சிறப்பு மலர் அவரைக் கௌரவித்து வெளியாயிற்று. தமிழில் ஓர் ஈழத்து ஓவியரை மையமாகக் கொண்டு இத்தகைய மலர் வெளிவந்தமை அரிய நிகழ்ச்சியாகும்.

மாற்கு 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்கு முன்னரே, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர நேர்ந்தது. மக்கள் கையிற் கொண்டு செல்லத்தக்கவை உடுதுணியும் பத்திரங்களுமே. சட்டமிட்ட ஓவியங்களைச் சுமந்து செல்வார் எவர்? யாழ்ப்பாணத்து ஓவியர் பலரின் வீடுகளில் இருந்த ஆக்கங்கள் போர்க்கால இடப்பெயர்வுகளில் அழிந்தும் சிதறியும் போயின. பொதுக் கலைக்கூடம் ஒன்று இருந்திருப்பின் சில எஞ்சியிருத்தல் கூடும். பாடசாலை தோறும் ஓரிரு மூல ஓவியங்கள் பாதுகாக்கப்பட்டிருப்பின், எல்லாம் ஒருங்கே அழிந்திரா. உள்ளூர்க் கலைஞரின் ஆக்கங்கள் பாடசாலைக்குள் இடம்பெறவில்லை என்னும் குறை, ஒரு தலைமுறையின் கலைச் சான்றுகளையே இழக்க நேர்ந்தமைக்கு ஒரு காரணமாயிற்று என்பது மிகையன்று.

உருவும் ஊரும்

அரசாங்கத்தின் பாடத்திட்டம் உள்ளூர் வாழ்வை நோக்கித் திரும்பிய இன்னொரு சந்தர்ப்பம் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தமாகும். 'தொழில்முன்னிலைப் பாடம்' என்னும் புதிய பாடம், பாடசாலை அமைந்துள்ள பிரதேசத்தின் தொழில்களை மாணவர் கற்கவேண்டும் எனக் கருதியது. நெசவு, மட்பாண்டம், பனம்பொருள், மீன்பிடி என்பன பாடமாகத் தகுதிபெற்றன. கொள்கையளவில் இது மிகவும் முற்போக்கானது. ஆயினும், பெற்றோர் அதனைப் பல்கலைக்கழக வாயிலை அடைக்கும் பாடமாகவே நோக்கினர். 1977 இன் ஆட்சி மாற்றத்தையடுத்து அச்சீர்திருத்தத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. கைவினைஞனை வகுப்பிற்கு அழைத்த கதவு திறந்த வேகத்திலேயே மூடியது.

எஞ்சியிருப்பது பெரும்பாலும் 'உரு' என்ற வடிவிலான உள்ளூர்க் கலையே. சீகிரியா, பொலன்னறுவைத் திவங்க மனை, தெகல்தொறுவை ஆகியவற்றின் ஓவியங்களும் கண்டிய அலங்கார உருக்களும் சித்திரப் பாடத்தின் முக்கிய பகுதிகளாக விளங்குகின்றன. இவற்றின் அருமையை எவரும் மறுத்தல் இயலாது. விகாரைகள் தோறும் சென்று சுவரோவியங்களைப் பிரதி செய்த மஞ்சுசிறீயின் தொண்டு, 1977 இல் நூலுருவம் பெற்று, 1979 இல் மக்சேசே விருதையும் ஈட்டித் தந்தது. ஆனால், மஞ்சுசிறீ பிரதி செய்தது அழிவிலிருந்து காப்பதற்காக. மாணவன் பிரதி செய்வதோ பரீட்சையிற் புள்ளி பெறுவதற்காக. கிரேக்க இலைக்குப் பதிலாகக் கொடிக்கருக்கை வைத்து அதே முறையிற் பிரதி செய்விப்பின், மாதிரித் தாள் மாறியதேயன்றித் தென் கென்சிங்ரன் மாறவில்லை.

இவ்விடர் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோவில் புரட்சிக்குப் பின், 1921 முதல் 1924 வரை அடோல்போ பெஸ்ற் மௌகாட் என்னும் ஓவியர் பாடசாலைச் சித்திரக் கல்வியைப் பொறுப்பேற்றார். பழைய மெக்சிக்க மட்பாண்டங்களிலும் நாட்டார் கலைகளிலும் கண்ட ஏழு அடிப்படை வரையுருக்களைக் கொண்டு, 1923 இல் ஒரு சித்திரக் கைநூலை வெளியிட்டார். பல்லாயிரம் பிள்ளைகள் அம்முறையில் வரைந்தனர். எனினும், அம்முறை விரைவிற் சூத்திரமாகிவிட்டது என்ற கண்டனமும் எழுந்தது. அவுஸ்திரேலியாவின் மத்திய பாலைநிலத்தில் உள்ள பபுன்யாவில் 1971 இல் நிகழ்ந்தது இதற்கு மாறானது. அங்கு ஆசிரியராகச் சென்ற ஜெப்ரி பாடன், பிள்ளைகள் மணலில் இயல்பாக வரையும் உருக்களை வகுப்பில் வரையுமாறு ஊக்கினார். அதைக் கண்ட ஆதிக்குடி முதியோர், தாமே முன்வந்து பாடசாலைச் சுவரில் தேனெறும்புக் கனவை ஓவியமாகத் தீட்டினர். உரிமையுடையோரே வந்து வரைந்தமையால் அது உயிர்பெற்றது. 1972 இல் அவ்வோவியர் தமக்கெனக் கூட்டுறவான ஒரு கம்பனியையும் அமைத்துக்கொண்டனர். 1974 இல் நிருவாகத்தினர் அச்சுவருக்கு வர்ணம் பூசி மறைத்தனர் என்பது அவ்வரலாற்றின் கசப்பான பின்னுரை.

இவ்விரு உதாரணங்களும் ஒரே உண்மையை இரு பக்கமாக நின்று காட்டுகின்றன. கலைஞனைப் பிரிந்து வரும் உரு, வகுப்பறையில் விரைவில் உலர்ந்துவிடுகின்றது. கலைஞனோடு வரும் உரு வளர்கின்றது. ஆனால், அதனைக் காக்கும் மனம் பாடசாலை நிருவாகத்திற்கு இல்லாவிடின் அதுவும் நிலையாது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து உள்ளூர்க் கலை பாடசாலைக்குட் புகுந்த வழிகளை மூன்றாக வகுக்கலாம். அலங்கார உருவாகப் புகுந்தது முதலாவது. சுவரிலும் சட்டத்திலும் மூலப்படைப்பாகப் புகுந்தது இரண்டாவது. வரைகின்ற ஆசிரியராகப் புகுந்தது மூன்றாவது. முதலாவது எங்கும் பரவியது, ஆழமாகப் பதியவில்லை. இரண்டாவது ஆழமாகப் பதிந்தது. சில இடங்களுக்கே உரியதாயிற்று. மூன்றாவது தமிழ்ப் பிரதேசங்களில் அதிக பயன் தந்தது. அவ்வாசிரியரின் ஆயுளோடு அது முடிந்துவிடும் அபாயமும் இருந்தது.

எனவே, இன்று வேண்டப்படுவது இம்மூன்றையும் ஒருங்கிணைத்தலாகும். பாடசாலை ஒவ்வொன்றும் தன் பிரதேச ஓவியர் ஒருவரின், குறைந்தபட்சம் தன் சித்திர ஆசிரியரின், மூலப்படைப்பு ஒன்றையாவது பேணி வைத்தல் கூடும். தேர் செய்யும் ஆசாரியும், கூத்துமுடி கட்டும் அண்ணாவியும், மருதமுனை நெசவாளியும் வருடத்தில் ஒரு நாளேனும் கருவிகளோடு வகுப்பிற்கு வந்து, செய்து காட்டுதல் கூடும். குடமுழுக்குத் தோறும் புதுவர்ணத்தின் கீழ் மறையும் கோயில் ஓவியங்களை, மறைவதற்கு முன்னர் மாணவரைக் கொண்டு படமெடுத்தும் வரைந்தும் பதிவு செய்வித்தல் கூடும். குமாரசுவாமி கண்டிக்குச் செய்ததைத் தமிழ்ப் பிரதேசங்களுக்குச் செய்ய ஒரு தனிமனிதர் வருவார் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. நூறு சித்திர வகுப்புகள் அதனைச் சிறிது சிறிதாகச் செய்துவிடலாம்.

இவற்றுள் எதுவும் பெரும் பணச்செலவை வேண்டுவதன்று. பரீட்சைத் தாளுக்கு வெளியேயுள்ளதும் கல்வியே என்னும் துணிவு ஒன்றே வேண்டும். அத்துணிவு வின்சருக்கும் கனகசபைக்கும் மாற்குவுக்கும் இருந்தது. அவர்கள் கற்பித்த வகுப்பறைகளின் சுவர்களில் இன்று தொங்குபவை எவை என்று பாடசாலை அதிபர்கள் ஒருமுறை நிமிர்ந்து நோக்குவாராயின், அதுவே தொடக்கமாக அமையும்.